பூஜ்ய வட்டி கார்டுக்குக் கடனை மாற்றிக்கொண்டே போகலாமா?

கேள்வி இதுதான்: "இங்கிலாந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. கிரெடிட் கார்டில் 4,800 பவுண்டு நிற்கிறது, வட்டி 24.9%. மாதம் 140 பவுண்டு கட்டியும் குறையவே மாட்டேன் என்கிறது. கூட வேலை செய்பவர் பூஜ்ய வட்டி கார்டுக்கு மாற்றச் சொல்கிறார். அது முடிந்ததும் இன்னொன்றுக்கு மாற்றலாம், வட்டியே கட்டாமல் இப்படியே ஓட்டலாம் என்கிறார். உண்மையா? கிரெடிட் ஸ்கோர் கெடுமா? ஊரில் ஒரு கார்டில் ஒன்றரை லட்சம் ரூபாய் பாக்கி இருக்கிறது, அதையும் இதில் சேர்க்க முடியுமா?"

உங்கள் நண்பர் சொல்வது முக்கால்வாசி சரி. இதில் சட்டவிரோதமோ தில்லுமுல்லோ எதுவும் இல்லை. பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்று பெயர் வைத்து, வங்கிகளே விளம்பரம் கொடுத்துக் கூப்பிடுகின்றன. பிரிட்டனில் இருபது வருடத்துக்கும் மேலாக இது நடந்துகொண்டிருக்கிறது. மீதிக் கால்வாசியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் முதலில் உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

24.9% ஏபிஆர் (வருட வட்டி விகிதம்) என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 1.87%. 4,800 பவுண்டுக்கு மாத வட்டி 90 பவுண்டு. நீங்கள் கட்டும் 140-இல் 90 வட்டிக்குப் போய்விட, அசலில் கழிவது 50 தான். "குறையவே மாட்டேன் என்கிறது" என்று உங்களுக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. கார்டை இனித் தொடாமல், மாதம் தவறாமல் 140 கட்டினாலும் கடன் தீர நாலரை வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வட்டியாக மட்டும் 2,900 பவுண்டுக்கு மேல் கட்டியிருப்பீர்கள். மினிமம் பேமென்ட் மட்டும் கட்டுகிறவர் கதை இன்னும் மோசம். பல கார்டுகளில் மினிமம் என்பது அந்த மாத வட்டியோடு அசலில் 1%. அப்படிக் கட்டினால் ஐந்து வருடம் கழித்தும் 2,600 பவுண்டு பாக்கி இருக்கும்.

இப்போது அதே கடனை 24 மாதம் பூஜ்ய வட்டி, 3% கட்டணம் என்ற கார்டுக்கு மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 144 பவுண்டு. அதுவும் கடனோடு சேர்ந்து 4,944 ஆகும். மாதம் 206 கட்டினால் 24 மாதத்தில் கணக்கு தீர்ந்தது. மொத்தச் செலவு அந்த 144 தான்.

"206 எல்லாம் முடியாது, 140 தான் முடியும்" என்றால்? 24 மாத முடிவில் 1,584 பவுண்டு நிற்கும். அதை உங்கள் நண்பர் சொல்வதுபோல இன்னொரு கார்டுக்கு மாற்றினால் மறுபடி 3%, அதாவது 48 பவுண்டு. இன்னும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். ஆக மொத்தச் செலவு 200-க்கும் கீழே. சரி, இரண்டாவது கார்டு கிடைக்கவே இல்லை, அந்த 1,584-க்குப் பழையபடி 24.9% வட்டி விழுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மாதம் 140 கட்டினால் பதின்மூன்று மாதத்தில் முடியும், வட்டி சுமார் 213 பவுண்டு. முதல் கட்டணத்தையும் சேர்த்தால் 357.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றும் செய்யாவிட்டால் 2,900-க்கு மேல். ஒரே ஒரு முறை மாற்றி 140-ஐ விடாமல் கட்டினால் 357. இரண்டாவது முறையும் மாற்றினால் 200-க்கும் கீழே. பெரிய லாபம் முழுவதும் முதல் மாற்றத்திலும், 140-ஐக் குறைக்காமல் கட்டுவதிலும்தான் இருக்கிறது. கார்டு மேல் கார்டாக மாற்றிக்கொண்டே போவதில் கூடுதலாகக் கிடைப்பது நூற்றைம்பது சொச்சம் பவுண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை, கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள்.

ஆட்கள் சறுக்கும் இடம் எது தெரியுமா? புது கார்டு வந்ததும் முதல் ஸ்டேட்மென்டில் மினிமம் பேமென்ட் 49 பவுண்டு என்று இருக்கும். வட்டி இல்லை அல்லவா, அசலில் 1% மட்டும் கேட்கும். இதுவரை 140 போய்க்கொண்டிருந்த இடத்தில் 49 போதும் என்றதும் மனசு லேசாகிவிடுகிறது. மீதி 91 பவுண்டு எங்கே போனது என்று தெரியாமலே போய்விடும். அந்த மினிமத்தையே 24 மாதமும் கட்டி வந்தால் கடைசியில் 3,884 பவுண்டு அப்படியே நிற்கும். மறுமாதத்திலிருந்து அதற்கு மாதம் 70 பவுண்டுக்கு மேல் வட்டி. இரண்டு வருடம் வட்டி இல்லாத காசு கையில் இருந்தும் ஆயிரம் பவுண்டுதான் குறைந்திருக்கும். வங்கி இலவசமாகக் கடன் கொடுப்பது ஏன் என்று யாராவது கேட்டால் நான் இந்த 3,884-ஐத்தான் காட்டுவேன். கட்டணம் ஒரு பக்கம், முடிவுத் தேதியில் மிச்சம் நிற்கும் கடன் இன்னொரு பக்கம், நடுவில் அதே கார்டில் நீங்கள் வாங்கும் பொருள்களுக்கான வட்டி மூன்றாவது. இந்த மூன்றும் இல்லாத வாடிக்கையாளரால் அவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நீங்கள் அந்த வாடிக்கையாளராக இருந்துவிட்டுப் போங்கள்.

அதனால் கார்டு வந்த அன்றே செய்ய வேண்டியது: மொத்தக் கடனை மாதங்களால் வகுத்து, அந்தத் தொகைக்கு டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகவே பணம் போகும் ஏற்பாடு) போடுவது. ஆப்பில் 'மினிமம்', 'முழுத்தொகை', 'நிலையான தொகை' என்று மூன்று இருக்கும். மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். வகுக்கும்போது 24-க்குப் பதில் 23 என்று போட்டுக்கொள்வது நல்லது. பூஜ்ய வட்டிக் காலம் பெரும்பாலும் கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கும், பணம் மாறிய நாளிலிருந்து இல்லை. முதல் டைரக்ட் டெபிட் போவதற்குள் ஒரு மாதம் கழிந்திருக்கும்.

ஒரு தவணை தவறினால் 12 பவுண்டு அபராதம். அது பெரிய விஷயம் இல்லை. அதோடு பூஜ்ய வட்டிச் சலுகையையே ரத்து செய்ய வங்கிக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அதுதான் பெரிய அடி. சம்பளம் வரும் தேதிக்கு இரண்டு நாள் தள்ளி டைரக்ட் டெபிட் தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணமே இல்லாத கார்டுகளும் உண்டு, ஆனால் அவற்றில் பூஜ்ய வட்டிக் காலம் குறைவு. நீளமான காலம் வேண்டுமென்றால் கட்டணம் 3%, 3.5% என்று ஏறும். உங்கள் கடனை 14 மாதக் கட்டணமில்லாக் கார்டில் வைத்து மாதம் 206 கட்டினால், 14 மாத முடிவில் 1,916 நிற்கும். அதற்கு வட்டி கட்டி முடிக்க மேலும் 208 பவுண்டு ஆகும். 24 மாதக் கார்டின் 144-ஐ விட 64 பவுண்டு அதிகம், அவ்வளவுதான். மாதம் 343 கட்ட முடிகிறவருக்கோ கட்டணமில்லாக் கார்டுதான் சரி, ஒரு பைசா செலவில்லை. எத்தனை மாதம் கிடைக்கிறது என்று பார்ப்பதற்கு முன், உங்களால் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். நான் பார்த்தவரை பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள், இருப்பதிலேயே நீளமான காலத்தைப் பிடித்துக்கொண்டு.

இன்னொன்று. இரண்டாவது கார்டை நம்பாதீர்கள் என்றேனே, அதற்குக் காரணம் உண்டு. 2016, 2017 வாக்கில் இங்கே 40 மாதத்தைத் தாண்டிய பூஜ்ய வட்டிக் கார்டுகள் இருந்தன. 2020-இல் கோவிட் வந்ததும் வங்கிகள் பயந்துபோய், காலத்தையும் குறைத்தன, யாருக்குக் கொடுப்பது என்பதிலும் கெடுபிடி காட்டின. அந்த நேரம் பார்த்து முடிவுத் தேதி வந்தவர்கள் பாடு திண்டாட்டம். வேலை மாறியிருக்கலாம், விசா முடியும் தறுவாயில் இருக்கலாம், குழந்தை பிறந்து ஒரு சம்பளம் நின்றிருக்கலாம். இரண்டு வருடம் கழித்து உங்கள் நிலைமையும் சந்தையின் நிலைமையும் ஒருசேர நன்றாக இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். விளம்பரத்தில் "24 மாதம் வரை" என்று இருந்தால் அந்த 'வரை'யைக் கவனியுங்கள். உங்களுக்கு 15 மாதம்கூட வரலாம். ஏபிஆரும் அப்படித்தான். விளம்பரத்தில் போடும் விகிதத்தை, ஏற்கப்பட்டவர்களில் குறைந்தது 51% பேருக்குக் கொடுத்தால் போதும் என்பது விதி. மிச்சம் 49% பேருக்கு வேறு விகிதம் வரலாம். ஆகவே நேராக விண்ணப்பிக்காமல், முதலில் தகுதி பார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஏறக்குறைய எல்லா வங்கித் தளங்களிலும், ஒப்பீட்டுத் தளங்களிலும் அது இருக்கிறது. அது மென்தேடல் (சாஃப்ட் சர்ச்). உங்கள் கடன் பதிவில் நீங்கள் மட்டும்தான் அதைப் பார்க்க முடியும். எத்தனை முறை பார்த்தாலும் ஸ்கோருக்கு ஒன்றும் ஆகாது. 'முன்கூட்டியே ஏற்கப்பட்டது' என்று வந்தால் அதன்பின் விண்ணப்பம். அப்போதுதான் மற்ற வங்கிகளின் கண்ணிலும் படும் வன்தேடல் (ஹார்ட் சர்ச்) பதிவாகும்.

நம் ஆட்கள் பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், முறையான விசாவில் இங்கே குடியிருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் பிரிட்டன் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. வேலை விசாவில் இருப்பவருக்கும் இது பொருந்தும். வங்கிகள் உங்கள் பெயரையும் முகவரியையும் சரிபார்ப்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலை வைத்துத்தான். நல்ல சம்பளம், ஒழுங்கான தவணை எல்லாம் இருந்தும் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை. பட்டியலில் ஏறிய விவரம், கடன் பதிவுகளை வைத்திருக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் வருவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதனால் கார்டுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஊரில் உங்கள் சிபில் ஸ்கோர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இங்கே அது செல்லாது. சிபிலும் டிரான்ஸ்யூனியன் குழுமத்தைச் சேர்ந்ததுதான், இருந்தாலும் பதிவு கடல் தாண்டி வராது.

அப்புறம், "கார்டு வாங்கித் தருகிறேன், சம்பளத்தைக் கூட்டிப் போட்டுவிடலாம், எனக்கு இருநூறு கொடு" என்று வாட்ஸ்அப்பில் வரும் அண்ணன்மார்களை அண்டவிடாதீர்கள். விண்ணப்பத்தில் பொய்ச் சம்பளம் எழுதுவது இங்கே மோசடிக் குற்றம். சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவில் பெயர் ஏறினால் ஆறு வருடம் வரை நிற்கும். கார்டு மட்டும் இல்லை, சாதாரண வங்கிக் கணக்கு வைத்திருப்பதே திண்டாட்டமாகிவிடும்.

கார்டு ஏற்கப்பட்ட பிறகுதான் லிமிட் எவ்வளவு என்று தெரியும். உங்களுக்கு 3,200 பவுண்டு லிமிட் வந்தால்? பல வங்கிகள் லிமிட்டில் 90, 95 சதவீதம் வரைதான் மாற்ற விடும், கட்டணமும் அதற்குள் அடங்க வேண்டும். 95% என்றால் 3,040. கட்டணம் போக மாற்ற முடிவது சுமார் 2,950. மீதி 1,850 பழைய கார்டிலேயே நிற்கும். ஏமாற்றமாக இருந்தாலும் மாற்ற முடிந்ததை மாற்றுங்கள். மாத வட்டி 90-இலிருந்து 35-க்கு இறங்கும். புது கார்டுக்கு மினிமம், பழையதற்கு மிச்சம் எல்லாம் என்று கட்டிப் பழையதை முதலில் தீருங்கள். தவணையைப் பிரித்துக் கட்டும்போது மட்டும் இந்த மினிமம் விதிவிலக்கு. பழையது தீர்ந்ததும் முழுத்தொகையையும் புது கார்டுக்குத் திருப்பிவிட வேண்டும். லிமிட் போதவில்லை என்று அதே வாரம் இன்னொரு கார்டுக்கு ஓடாதீர்கள். சில மாதம் போகட்டும்.

ஒரே வங்கியின் ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு மாற்ற முடியாது. வேறு பெயரில் இருந்தாலும் ஒரே குழுமம் என்றால் பல இடங்களில் இதே கதைதான். ஹாலிஃபேக்ஸ், எம்பிஎன்ஏ, பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து மூன்றும் லாய்ட்ஸ் குழுமம். ஃபர்ஸ்ட் டைரக்ட் எச்எஸ்பிசி உடையது. விண்ணப்பிக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு வன்தேடல் வீண்.

மாற்றும் வேலை சுலபம். புது வங்கியின் ஆப்பில் பழைய கார்டின் 16 இலக்க எண்ணையும் தொகையையும் கொடுத்தால் போதும், அவர்களே பழைய வங்கிக்குக் கட்டிவிடுவார்கள். கணக்குத் தொடங்கி 60 அல்லது 90 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று கெடு இருக்கும். அதைத் தாண்டினால் சலுகை போய்விடும். பணம் போய்ச் சேரச் சில நாள் ஆகலாம். அதுவரை பழைய கார்டின் தவணையை நிறுத்தக் கூடாது.

இதில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். உங்கள் பழைய கார்டின் ஸ்டேட்மென்ட் மாதம் 4-ஆம் தேதி வருகிறது, 4,800 என்று காட்டுகிறது. புது வங்கி 15-ஆம் தேதி 4,800-ஐக் கட்டிவிட்டது. ஆப்பைத் திறந்தால் பாக்கி பூஜ்யம். நிம்மதியாக ஆப்பை நீக்கிவிடுகிறீர்கள், டைரக்ட் டெபிட்டையும் ரத்து செய்துவிடுகிறீர்கள். அடுத்த மாதம் 4-ஆம் தேதி ஒரு ஸ்டேட்மென்ட் வரும், 33 பவுண்டு கட்டு என்று. வட்டி தினசரி ஓடுவது. 4-இலிருந்து 15 வரையிலான பதினொரு நாளுக்கு, நாளுக்கு மூன்று பவுண்டு வீதம் விழுந்த வட்டி அது. நீங்கள் பார்க்கவில்லை. 12 பவுண்டு அபராதம் சேரும், அதற்கு மேல் கடன் பதிவில் 'தவணை தவறியது' என்று ஒரு கறை. அந்தக் கறை ஆறு வருடம் போகாது. முப்பத்துமூன்று பவுண்டுக்காக, நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கப் போகும் இடத்தில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும். ஆகவே பாக்கி பூஜ்யம் என்று இரண்டு ஸ்டேட்மென்ட் வரும்வரை பழைய கார்டின் டைரக்ட் டெபிட்டில் கை வைக்காதீர்கள்.

புது கார்டில் பொருள் எதுவும் வாங்காதீர்கள், பணமும் எடுக்காதீர்கள். பூஜ்ய வட்டி என்பது மாற்றிக் கொண்டுவந்த கடனுக்குத்தான். டெஸ்கோவில் அந்தக் கார்டைத் தட்டி 60 பவுண்டுக்கு மளிகை வாங்கினால் அதற்குச் சாதாரண வட்டி விழும். முழுப் பாக்கியையும் கட்டினால்தானே வட்டியில்லா நாட்கள் கிடைக்கும்? நீங்கள் முழுப் பாக்கியைக் கட்டப் போவதில்லை. ஒரு காலத்தில் இது இன்னும் கொடுமையாக இருந்தது. நீங்கள் கட்டும் பணத்தை வங்கி முதலில் பூஜ்ய வட்டிக் கடனில் கழித்துக்கொள்ளும், வட்டி விழும் பகுதி அப்படியே கிடந்து வளரும். 2011 முதல் அதிக வட்டியுள்ள பகுதியைத்தான் முதலில் கழிக்க வேண்டும் என்று மாற்றினார்கள். இருந்தாலும் ஒரே கார்டில் இரண்டையும் கலந்தால் உங்கள் தவணைக் கணக்கு குழம்பிவிடும். கார்டை அலமாரியில் வையுங்கள்.

பழைய கார்டை மூடலாமா? இதற்கு ஒரே பதில் கிடையாது. மூடாமல் வைத்தால், மொத்த லிமிட்டில் நீங்கள் பயன்படுத்தும் விகிதம் குறைவாகத் தெரியும், ஸ்கோருக்கு நல்லது. காலியான பழைய கார்டுக்கே ஆறு மாதம் கழித்து அந்த வங்கி பூஜ்ய வட்டிச் சலுகை அனுப்புவதும் உண்டு. புது விண்ணப்பமே இல்லாமல் மிச்சக் கடனை அங்கே திருப்பிக்கொள்ளலாம். இதெல்லாம் கையைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவருக்கு. 4,800-ஐ மாற்றிவிட்டு, காலியான கார்டில் மறுபடி 3,000 ஏற்றிக்கொண்டு, இப்போது 7,800 என்று வந்து நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கடன் ஒரே ஒரு பெரிய செலவால் வந்தது, ஊருக்கு டிக்கெட், வாடகை முன்பணம் மாதிரி என்றால், கார்டை வைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது என்றால் மூடிவிடுங்கள், ஸ்கோர் கொஞ்சம் இறங்கினால் இறங்கட்டும். எதுவானாலும் போனிலும், அமேசானிலும், சாப்பாட்டு ஆப்களிலும் சேமித்து வைத்திருக்கும் அந்தக் கார்டு எண்ணை அழித்துவிடுங்கள்.

ஸ்கோர் பற்றிக் கேட்டீர்கள். புது விண்ணப்பத்தால் சிறிது இறங்கும், சில மாதத்தில் மீளும். கடன் குறையக் குறைய முன்பிருந்ததை விட மேலே போகும். ஸ்கோர் எண்ணை விட அதற்குப் பின்னால் இருக்கும் பதிவுதான் முக்கியம். நீங்கள் மினிமம் மட்டும் கட்டுகிறீர்களா, சலுகை வட்டியில் இருக்கிறீர்களா என்பதுகூட அந்தப் பதிவில் குறியாக இருக்கும். 140-க்குப் பதில் 49 கட்டினால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குள் வீட்டுக்கடனுக்குப் போகும் எண்ணம் இருந்தால், புது கார்டு எடுப்பதற்கு முன் வீட்டுக்கடன் தரகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெம்பிளியிலும் ஈஸ்ட்ஹாமிலும் நம்மவர் மத்தியில் சீட்டு ஓடுகிறது, அதை எடுத்து கார்டை அடைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஏலத்தில் தள்ளி எடுத்தால் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். முதல் சில மாதங்களில் அது 3% கட்டணத்தை விடப் பல மடங்காக இருக்கும். சீட்டு பிடிப்பவர் காணாமல் போனால் கேட்க நாதியில்லை. சீட்டுப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அது கடன் பதிவில் வராதுதான், ஆனால் உங்கள் 140-ஐ முடிவு செய்யும்போது அதையும் கழித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வங்கிக் கணக்கில் ஓவர்டிராஃப்டும் (இருப்புக்கு மேல் எடுக்கும் கடன்) ஓடுகிறதா? அதைக் கேள்வியில் சொல்லவில்லை. இருந்தால் கார்டை விட அதுதான் அவசரம். 2020-இல் விதி மாறியபின் பெரிய வங்கிகள் பல 40% அளவுக்கு வட்டி போடுகின்றன.

ஒருவேளை 140 கட்டுவதே கஷ்டம், வாடகையா கார்டா என்று யோசிக்கும் நிலை என்றால், புது கார்டு தேட வேண்டாம். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றும் காசு வாங்காமல் ஆலோசனை தரும் இடங்கள். 2021 மே முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'பிரீதிங் ஸ்பேஸ்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. கடன் ஆலோசகர் வழியாகப் பதிந்தால் 60 நாளுக்கு, அதில் சேர்த்த பெரும்பாலான கடன்களுக்கு வட்டியும் அபராதமும் ஏறாது, வசூலுக்கும் வர முடியாது. காசு கேட்டுக் கடன் தீர்த்துத் தருகிறேன் என்று விளம்பரம் செய்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக ஊரில் உள்ள ஒன்றரை லட்சம். பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரில் அதைக் கொண்டுவர முடியாது. பிரிட்டிஷ் வங்கி இந்தியக் கார்டுக்குப் பணம் கட்டாது. ஆனால் 'மணி டிரான்ஸ்ஃபர்' என்று இன்னொரு வகைச் சலுகை இருக்கிறது. அதில் கார்டின் லிமிட்டிலிருந்து உங்கள் பிரிட்டிஷ் வங்கிக் கணக்குக்கே பணமாகப் போடுவார்கள், 4% வாக்கில் கட்டணம், குறிப்பிட்ட மாதங்களுக்கு வட்டி இல்லை. எல்லாக் கார்டிலும் கிடையாது, காலமும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரை விடக் குறைவு. அந்தப் பணத்தை ஊருக்கு அனுப்பி அடைக்கலாம். ஏடிஎம்மில் எடுப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ரொக்க எடுப்பு, அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும்.

லாபமா என்று கேட்டால், இந்தியக் கார்டுகளில் மாத வட்டி 3.5% என்பது சாதாரணம். ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 5,250 ரூபாய், அதன் மேல் 18% ஜிஎஸ்டி 945, ஆக 6,195. இங்கே 4% கட்டணம் என்பது அதே தொகைக்கு 6,000 ரூபாய்க்குச் சமம். அங்கே ஒரே மாதத்தில் போகும் வட்டிதான் இங்கே மொத்தச் செலவே. அதனால் இரண்டு கடனில் எதற்கு முதலிடம் என்று கேட்டால் தயங்காமல் ஊர்க் கடன் என்பேன். 4,800-ஐ மாற்றிய பின் மாதம் 140-இல் ஒரு பகுதியை ஊருக்குத் திருப்பினாலும் சரி, மணி டிரான்ஸ்ஃபர் கிடைத்து ஒரேயடியாக அடைத்தாலும் சரி.

அடைக்கும்போது ஒன்று கவனியுங்கள். வசூலுக்குப் பேசுகிறவர் "ஒரு லட்சம் கொடுங்கள், முடித்துக்கொள்ளலாம்" என்று சொல்லக்கூடும். அப்படி முடித்தால் சிபிலில் 'செட்டில்டு' என்று விழும், பிறகு ஊரில் வீட்டுக்கடன் கேட்கும்போது அது உதைக்கும். முடிந்தால் முழுத்தொகையையும் கட்டி, பாக்கியில்லை என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டு, கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாக்கி எதுவும் இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி கொண்டுவந்தது. கோரிக்கை அனுப்பிய மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.